உடம்புக்கு வெளியே நின்று தன்னையே பார்ப்பது: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துச் சனங்களை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. உயிர் வெளியே போனதா இல்லையா என்று வாதாடுவதால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. உடம்புக்கு வெளியே நின்று தன்னையே கண்ட அந்த அனுபவம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, முடிந்தபின் ஆள் எப்படி இருந்தார் என்ற மூன்றையும் கேட்டால், பேசாமல் விட்டுவிடலாமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சரியாக எதை இந்த அனுபவம் என்று சொல்கிறீர்கள்?

மூன்று சங்கதி ஒன்றாக இருக்க வேண்டும். "நான்" என்கிற உணர்வு உடம்புக்கு வெளியே இருக்கும். பார்வையும் அந்த வெளியிடத்திலிருந்தே, அநேகமாகக் கூரைப் பக்கத்திலிருந்து, கீழ்நோக்கி இருக்கும். அந்தப் பார்வையில் தன் உடம்பே தெரியும்.

இதோடு குழப்பப்படும் வேறு சில உண்டு. தான் தன் உடம்புக்குள்ளேயே இருந்துகொண்டு, கண்ணாடியில் தெரிவதுபோல எதிரே தன் உருவத்தைக் காண்பது ஒன்று. எதிரே நிற்பதா, இங்கே நிற்பதா உண்மையான நான் என்று தெரியாமல் இரண்டுக்கும் இடையில் தடுமாறுவது இன்னொன்று. மூன்றாவது, எதையும் காணாமல், நடப்பதெல்லாம் யாருக்கோ நடப்பதுபோலத் தள்ளி நிற்கும் மரத்த நிலை. வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் வேறு இடத்தில் காரணம் தேடுவார். ஆகவே "ஒரு மாதிரி இருந்தது" என்று சொல்லி நிறுத்தாமல், எங்கே இருந்து எதைக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

இது பைத்தியத்தின் தொடக்கமா?

இல்லை. பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை, வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படி நடந்ததாகச் சொல்கிறார்கள். அநேகருக்கு ஒன்றிரண்டு தடவையோடு சரி. மனநோயில் "மற்றவர்கள் என்னை இயக்குகிறார்கள்" என்ற உறுதியான நம்பிக்கையும், ஆளில்லாமல் குரல் கேட்பதும் நாட்கணக்கில் நீடிக்கும். இங்கே வந்தது சில விநாடிகளில் அல்லது நிமிடங்களில் போய்விடும். ஆளும் "இது எப்படி நடந்தது?" என்று தானே வியப்பார்.

மூளையில் என்னதான் நடக்கிறது?

உடம்பு எங்கே இருக்கிறது என்பதை மூளை நேராக அறிவதில்லை. கண் ஒன்றைச் சொல்கிறது. தோலும் தசையும் மூட்டும் வேறொன்றைச் சொல்கின்றன. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, மேல் எது கீழ் எது என்று சொல்கிறது. இவற்றைப் பொருத்தி "நான் இங்கே இருக்கிறேன்" என்று முடிவெடுக்கும் வேலையில், காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாக, நெற்றிப்பொட்டு மடலும் சுவர் மடலும் சந்திக்கும் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

அது 2002ஆம் ஆண்டு ஜெனீவாவில் தற்செயலாகத் தெரிய வந்தது. வலிப்புக்குச் சத்திரசிகிச்சை செய்யும் முன் 43 வயதுப் பெண் ஒருவரின் மூளையில் எது எங்கே என்று பார்க்க, நரம்பியல் வைத்தியர் ஓலாஃப் பிளாங்கேயின் குழுவினர் வலப்பக்கத்தில் அந்தப் பகுதிக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். 2 முதல் 3 மில்லி அம்பியரில் அவருக்குக் கட்டிலுக்குள் அமிழ்வதுபோல, உயரத்திலிருந்து விழுவதுபோல இருந்தது. 3.5இல், தான் கட்டிலில் கிடப்பதை மேலேயிருந்து காண்பதாகவும், காலும் இடுப்புக்குக் கீழும் மட்டுமே தெரிவதாகவும் சொன்னார். சமநிலை உணர்வு முதலில் குலைந்ததும், அதற்குப் பிறகே "வெளியேற்றம்" வந்ததும் இதில் கவனிக்க வேண்டியவை.

இது ஏன் அநேகமாகப் படுத்திருக்கும்போதே வருகிறது என்பதும் இங்கே விளங்கும். அசையாமல் மல்லாந்து கிடப்பவருக்குத் தசையிலிருந்தும் உட்காதிலிருந்தும் புதிய செய்தி மிகக் குறைவு. இருட்டில் கண்ணும் உதவாது. அப்போது மூளை பழைய நினைவிலிருந்து ஒரு படம் வரைகிறது. வரையும் கோணம்தான் தவறிப்போகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதும் உண்டா?

கைக்கு உண்டு. மத்தியூ பொட்வினிக், ஜொனாதன் கோஹன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்டது. இரப்பர்க் கையுறை ஒன்றில் பஞ்சு அல்லது அரிசி நிரப்பி, மணிக்கட்டுப் பக்கத்தை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே அளவான இரண்டு பெயின்ற் தூரிகைகள், ஒரு காட்போட் மட்டை, ஒரு துவாய் இருந்தால் போதும்.

மேசையில் இரண்டு கையையும் வைக்கச் சொல்லுங்கள். இடக்கையை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வெளியே தள்ளி, நடுவில் மட்டையை நிறுத்தி மறையுங்கள். அந்தக் கை முதலில் இருந்த இடத்தில், விரல் நுனி முன்னோக்கியிருக்க, இடக்கைக் கையுறையை வைத்து, தோளிலிருந்து முடிச்சுவரை துவாயால் மூடுங்கள். அவர் கையுறையையே பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் இரண்டு தூரிகையாலும் மறைந்த கையின் விரலையும் கையுறையின் அதே விரலையும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், விநாடிக்கு ஒரு தடவை வருட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் பலர் "அந்தக் கையில்தான் படுகிறது" என்பார்கள்.

சரிவராவிட்டால் முதலில் தாளத்தைப் பாருங்கள். ஒரு தூரிகை அரை விநாடி பிந்தினாலே உணர்வு கலைந்துவிடும். அடுத்தது கையுறை குறுக்காகத் திரும்பியிருப்பது. உண்மையான கைக்கும் கையுறைக்கும் இடைவெளி 30 சென்ரிமீற்றருக்கு மேல் போனாலும் பலன் குறையும். எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு வராது. அதில் ஒரு குறையும் இல்லை.

கைக்குச் சரி. முழு உடம்பையும் அப்படி ஏமாற்றலாமா?

2007இல் இரண்டு குழுக்கள் செய்து காட்டின. ஒரு குழுவில் பிக்னா லெங்கென்ஹாகரும் பிளாங்கேயும், மற்றதில் ஹென்ரிக் எர்சன். முதுகுப்புறம் 2 மீற்றர் தள்ளிக் கமரா வைத்து, அது பிடிக்கும் படத்தைக் கண்ணில் மாட்டிய திரையில் காட்டி, முதுகை வருடினார்கள். தன் முதுகைத் தானே முன்னால் காணும் ஆள், தான் அங்கேயே நிற்பதாக உணரத் தொடங்கினார். எர்சனின் சோதனையில் நெஞ்சைத் தடவி, கமராவின் கீழ்ப் பகுதியைச் சுத்தியலால் அடிப்பதுபோலக் காட்டியதும், அங்கே உடம்பே இல்லாதபோதும் ஆளின் தோலில் பயத்தின் வியர்வைக் குறி ஏறியது. கைத்தொலைபேசி வீடியோ அழைப்பில் இதைச் செய்து பார்க்க நினைத்தால் படம் பிந்தி வருவது கெடுத்துவிடும்.

விடியப்புறம் முழிப்பு வந்தது. அசைய ஏலாது, நெஞ்சில் ஆரோ ஏறி இருந்தது, பிறகு மேலே மிதந்து என்னையே கண்டேன். பேய் அமுக்கினதா?

வன்னியில் "பேய் அமுக்கினது" என்பதும் வைத்தியர்கள் தூக்க முடக்கம் என்பதும் ஒன்றுதான். கனவு வரும் உறக்கக் கட்டத்தில், கனவில் ஓடினால் கால் உண்மையாகவே ஓடாதிருக்க, மூளை கைகால் தசைகளைப் பூட்டி வைக்கிறது. கண்ணும், மூச்சுக்கு முக்கியமான உதரவிதானமும் மட்டும் விலக்கு. சில வேளை பூட்டுத் திறக்குமுன் விழிப்பு வந்துவிடும். அப்போது அறை தெரியும், உடம்பு அசையாது, கனவும் ஓடிக்கொண்டிருக்கும். நெஞ்சுப் பாரம் ஏன் என்றால், அந்தக் கட்டத்தில் நாமே ஆழமாக மூச்சிழுக்க முயன்றாலும் நெஞ்சுத் தசைகள் முழுதாக ஒத்துழைக்காது. வாழ்நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இது வருகிறது.

வரும்போது முழு உடம்பையும் உலுக்க முயலாதீர்கள். அது பயத்தைத்தான் கூட்டும். கால் பெருவிரலை மட்டும் அசைக்க முயலுங்கள், கண்ணை இடம் வலமாக உருட்டுங்கள், மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தோளில் தட்டினால் அநேகமாக உடனே கலையும். வீட்டாரிடம் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மல்லாந்து படுப்பவருக்கே இது கூடுதலாக வரும். பழைய சேட்டின் முதுகுப் பக்கத்தில் துணியை உருண்டையாகச் சுருட்டித் தைத்து அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் ஆள் தானாகவே பக்கவாட்டில் திரும்பிக்கொள்வார். செலவில்லாத வழி, பலருக்கு அதுவே போதும்.

யானைக் காவலுக்குப் போகும் மாதங்களில்தான் இது கூடுகிறது. ஏன்?

தை மாதத்தில் காலபோக நெல் முற்றும்போது இரவிரவாகக் குடிலிலோ மரப் பரணிலோ முழித்திருந்து, விடிந்தபின் வந்து பகலில் படுப்பவர்களிடம் இது சகசம். சுற்று முறையில் வேலை செய்யும் தையல் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கும், இரவில் கடலுக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. காலை நேரம் கனவு உறக்கத்துக்குரிய நேரம். உறக்கக் கடன்பட்ட மூளை படுத்தவுடன் நேராக அதற்குள் விழுகிறது. சூடும் வெளிச்சமும் அடிக்கடி எழுப்பிவிடும். தூக்கமும் முழிப்பும் மோத வேறென்ன வேண்டும்?

இரண்டு பேர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரியுங்கள். நள்ளிரவுவரை ஒருவர், பிறகு மற்றவர் என்று, ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக நாலு மணித்தியாலமாவது கிடைக்க வேண்டும். மாறி மாறி அரைமணிக்கு ஒரு தடவை கண்ணயர்வதுதான் ஆகக் கூடாத முறை. காவல் முடிவதற்கு நாலு மணித்தியாலத்துக்கு முன்னரே பிளேன்ரீயையும் புகையிலை சேர்த்த வெற்றிலையையும் நிறுத்துங்கள். பரணில் படுப்பவர் விளிம்பில் குறுக்குத்தடி கட்டாமல் படுக்கக் கூடாது. அமுக்கம் கலையும்போது ஆள் திடுக்கிட்டுத் துள்ளுவார்.

பாயில் படுத்தவர் விடியப்புறம் "அசைய ஏலாமல் இருக்கு" என்கிறார். அமுக்கம்தான் என்று விடலாமா?

விட வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வாசிப்பதானால் இதை வாசியுங்கள். நிலத்தில் பாய் போட்டுப் படுக்கும் இடத்தில் கட்டுவிரியன் இரவில்தான் கடிக்கும். பல்லுப்பட்ட இடம் அநேகமாகத் தெரியாது, நோவும் வீக்கமும் இருக்காது, பலர் கடிபட்டதையே அறியமாட்டார்கள். நஞ்சு நரம்பையும் தசையையும் இணைக்கும் இடத்தைத் தாக்குவதால் ஆள் படிப்படியாக முடங்குவார்.

தூக்க முடக்கம் சில விநாடி முதல் சில நிமிடம். பிறகு ஆள் எழும்பித் தண்ணி குடிப்பார், முகம் கழுவுவார். கட்டுவிரியன் கடி நேரம் போகப் போகக் கூடும். முதலில் காரணம் தெரியாத வயிற்றுவலி வரலாம். பிறகு இமை தானாகக் கீழே விழும், பொருள்கள் இரண்டாகத் தெரியும், பேச்சுக் குழறும், துப்பல் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். "கண்ணைத் திறவுங்கோ" என்றால் நெற்றியைச் சுருக்கித் திறக்கப் பார்ப்பார், இமை ஏறாது. அதைப் பார்த்தவுடனே வாகனம் பிடியுங்கள், அல்லது 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நடக்க விடாமல் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போக வேண்டும். ஆஸ்பத்திரியில் நேரத்தோடு செயற்கைச் சுவாசம் கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் முழுதாகத் தேறுகிறார்கள்.

முழுதாக முடங்கி, கண் திறக்காமல், செத்தவர்போலக் கிடந்தாலும் இந்த நோயாளிக்குப் பக்கத்தில் பேசுவதெல்லாம் கேட்கக்கூடும். தலைமாட்டில் நின்று "முடிஞ்சுது" என்று யாரும் சொல்லாதிருப்பது நல்லது. தடுப்புக்கு, நுளம்பு வலையின் ஓரத்தைச் சுற்றிவரப் பாய்க்குக் கீழே செருகுங்கள்.

எந்த மாதிரி வந்தால் வலிப்பு என்று சந்தேகிக்க வேண்டும்?

ஒரே காட்சி, அச்சுப் பிசகாமல், திரும்பத் திரும்ப வந்தால். பகலில், இருந்த இருப்பில் வந்தால். அதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ தொண்டைக்கு ஏறுவதுபோலவோ, இல்லாத மணம் மணப்பதுபோலவோ, "இது முன்னமே நடந்தது" என்பதுபோலவோ இருந்தால். பக்கத்தில் நின்றவர், ஆள் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம்வரை வெறித்துப் பார்த்ததாகவோ, வாயைச் சப்பியதாகவோ, சட்டை நுனியைப் பிசைந்ததாகவோ, பிறகு சற்று நேரம் பேந்தப் பேந்த விழித்ததாகவோ சொன்னால். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் எடுத்த அரை நிமிட வீடியோ வைத்தியருக்குப் பத்துப் பக்க விவரிப்பைவிட உதவும்.

தலையில் காயப்பட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக இருக்க வேண்டும். வியட்நாம் போரில் மண்டையோட்டைத் துளைத்த காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்கு முதல் வலிப்பே பல வருடம் கழித்துத்தான். செல் துண்டு தலைக்குள் இன்னும் இருப்பவர்கள் வன்னியில் குறைவில்லை. அவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது நகரலாம், சூடேறலாம். தலையிலோ, கண்ணிலோ, உடம்பில் வேறெங்கோ துண்டு இருக்கிறது என்பதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் சீ.ரீ. ஸ்கானோடு நிறுத்துவார்கள்.

முழு வலிப்பாக வந்துவிட்டால்?

இடது பக்கமோ வலது பக்கமோ சரித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மடித்த சாரம் ஒன்றை வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது தெளியாமல் இரண்டாவது வந்தால், 1990. கையில் திறப்போ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் இரும்பு பெயர் வாங்கிக்கொள்கிறது. வாய்க்குள் கரண்டி வைத்தால் பல்லு உடையும்.

சரியாகும்வரை கட்டில்லாத கிணற்றில் தனியே தண்ணி அள்ளுவதும், குளத்தில் தனியே குளிப்பதும், பனையோ தென்னையோ ஏறுவதும், மோட்டார் சைக்கிளும் லான்ட்மாஸ்டரும் ஓட்டுவதும் வேண்டாம். குளிப்பதை வாளியும் கோப்பையுமாக வைத்துக்கொள்ளலாம். மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆகப் பெரிய ஆபத்து. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வல்ப்ரோவேட் என்ற வலிப்பு மருந்து எழுதியிருந்தால், அதைத் தாங்களாக நிறுத்தாமல், வேறு மருந்து சரிவருமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

தலைச்சுற்று உள்ளவருக்கு இது வருமா?

வரும். பிரான்ஸில் கிறிஸ்தோஃப் லோபெஸும் மாயா எல்சியேரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தலைச்சுற்றுள்ள 210 பேரில் நூற்றுக்கு 14 பேருக்கும், சுகதேகிகள் 210 பேரில் நூற்றுக்கு 5 பேருக்கும் இது வந்திருந்தது. காரணம் மேலே சொன்ன உட்காதுதான். திரும்பிப் படுக்கும்போது அறை சுழன்றால் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள்.

2009இல் செல் விழுந்த நேரத்தில் என்னை நானே மேலேயிருந்து கண்டேன். இப்பவும் அந்தக் காட்சி அப்படியேதான் வருகிறது.

இதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கலாம். ஒன்று, தாங்க முடியாத பயத்தின் நடுவே மனம் உடம்பை விட்டு விலகி நிற்பது. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நிலையில் அது நோவையும் பயத்தையும் மழுங்கடிக்கிறது. பதுங்கு குழியிலும் பாதையோரத்திலும் அது பலரை அடுத்த அடி எடுத்து வைக்க விட்டது. அதைக் கோழைத்தனம் என்றோ, செத்தவர்களை விட்டு ஓடிய கல்நெஞ்சு என்றோ யாரும் தன்மேல் சுமத்திக்கொள்ளத் தேவையில்லை.

மற்றது, நினைவு தன் கோணத்தை மாற்றிக்கொள்வது. அன்று தன் கண்ணால் கண்டதையே, பின்னர் நினைக்கும்போது வெளியே நின்று பார்ப்பதுபோல நினைப்பது எல்லோருக்கும் உண்டு. கொடுமையான நினைவில் அது கூடுதல், ஏனென்றால் அந்தக் கோணத்தில் உணர்ச்சியின் சூடு குறைவு. ஆகவே "மேலேயிருந்து கண்டேன்" என்ற நினைவு மட்டும் இருந்து, உறக்கமும் வேலையும் வீட்டு ஒட்டுறவும் சரியாக இருந்தால் அதைக் கிளற வேண்டியதில்லை.

இப்போதும் வெடிச்சத்தம், ஹெலி இரைச்சல், தகரத்தில் மழை என்று ஏதோ ஒன்று கேட்டவுடன் ஆள் விலகிப் போய், கூப்பிட்டாலும் கேளாமல் நின்றால் உதவி தேவை. அந்த நேரத்தில் செய்யக்கூடியது: செருப்பைக் கழற்றி உள்ளங்காலை நிலத்தில் அழுத்துங்கள், மண்பானைத் தண்ணியால் முகத்தையும் கழுத்தையும் நனையுங்கள், கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்றைய திகதியையும் நிற்கும் ஊரையும் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பின்னாலிருந்து பிடிக்கக் கூடாது. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

வன்னியில் இறுதிப் போரில் அகப்பட்டவர்களைப் பற்றி மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதிய ஆய்வு, தனி ஆளோடு குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்ததைக் காட்டியது. எங்கள் எண்ணமும் அதுதான். ஒருவரை மட்டும் தனியே கூட்டிப்போய் மருந்து எடுப்பதோடு வேலை முடிவதில்லை.

வற்றாப்பளைப் பொங்கலில் கலை வந்து ஆடினவர், தான் ஆடியதைத் தானே பார்த்ததாகச் சொல்கிறார்.

வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் பறையும் கூட்டமும் விரதமும் முழிப்பும் ஒன்றாகச் சேரும்போது மனம் விலகுவது புதுமையல்ல. காவடி எடுப்பவருக்கு முள் குத்தும்போது நோவு தெரியாததும் இதன் உறவுதான். அது உரிய இடத்தில் வந்து, ஆட்டம் முடிய ஆள் தெளிந்து, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றால் அதில் நோய் ஒன்றுமில்லை. கோயிலுக்கு வெளியே, வேண்டாத நேரத்தில், வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்தால் கதை வேறு.

கூடு விட்டுக் கூடு பாய்தல் இதுதானா?

அல்ல. திருமூலர் கதையில் யோகி, செத்துக் கிடந்த இடையன் மூலனின் உடம்புக்குள் புகுகிறார், பசுக்கள் துயர் தீர்கின்றன. அங்கே பேச்சு வேறொரு உடம்புக்குள் போவது பற்றி. இங்கே ஆள் போவது கூரைமட்டும்தான்.

சத்திரசிகிச்சைக்கு ஊசி போட்டபோது வந்தது.

கெட்டமின் என்ற மருந்தா என்று கேளுங்கள். எரிகாயத்துக்கு மருந்து கட்டவும் புண் துப்புரவாக்கவும் அது நல்ல மருந்து, ஏனென்றால் மூச்சை அதிகம் அமுக்காது. நரம்பில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும், ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடம் நிற்கும். உடம்பிலிருந்து வரும் செய்தியை மூளையிலிருந்து துண்டிப்பதுதான் அதன் வேலை. மிதப்பதும் தன்னைக் காண்பதும் அதன் பக்கவிளைவு. தெளியும்போது வெளிச்சமும் சத்தமும் குறைவாக இருக்க வேண்டும். அடுத்த தடவை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்பே சொன்னால் அமைதிப்படுத்தும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்.

இதயம் நின்று பிழைத்தவர்கள் மேலேயிருந்து உண்மையாகவே பார்த்தார்கள் என்கிறார்களே?

சோதித்திருக்கிறார்கள். வைத்தியர் சாம் பார்னியாவின் குழு, கூரையருகிலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி ஆஸ்பத்திரிகளில் தட்டடித்துப் படங்களை வைத்தது. 2014இல் வெளியான முடிவில் 2060 இதய நிறுத்தங்கள், பிழைத்துப் பேசக்கூடியவர்கள் 140 பேர். அவர்களில் இருவர் கண்டதும் கேட்டதும் சொன்னார்கள், ஒருவருடையது ஓரளவு ஒத்துப்போனது. ஆனால் அந்த இருவரின் இதயமும் நின்றது தட்டு இல்லாத இடங்களில். ஆக, படத்தைக் கண்டவர் எவரும் இல்லை, காணவே முடியாது என்றும் நிறுவப்படவில்லை. நெஞ்சை அமுக்கும்போது மூளைக்குக் கொஞ்சம் இரத்தம் போகும், காது கேட்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேண்டுமென்றே வரவழைக்கலாமா?

சிலருக்கு முடியும். ஐந்து மணித்தியாலம் உறங்கி எழும்பி, அரை மணித்தியாலம் முழித்திருந்து, மறுபடி மல்லாந்து படுத்து, உடம்பை உறங்க விட்டு மனதை மட்டும் முழிப்பில் வைப்பது வழக்கமான முறை. அநேகமாகக் கிடைப்பது அமுக்கமும் தெளிவான கனவும்தான். வலிப்புள்ளவர், குரல் கேட்பவர், போர் நினைவால் துன்பப்படுபவர், மறுநாள் வாகனம் ஓட்டுபவர் இதைத் தொடவே கூடாது.

ஊமத்தம் விதை அரைத்துக் குடித்தால் வரும் என்று யாராவது சொன்னால் கிட்டவும் போகாதீர்கள். வாய் காய்ந்து, சலம் அடைத்து, கண்மணி விரிந்து, உடம்பு கொதித்து, ஆள் இல்லாதவர்களோடு பேசத் தொடங்குவார். உயிரும் போகலாம். விதைக்கு விதை நஞ்சின் அளவு மாறுவதால் "கொஞ்சம்" என்பதற்கு அளவே கிடையாது. கஞ்சா சிலருக்கு மாதக்கணக்கில் நீங்காத விலகலைக் கொடுத்துவிடும்.

போன உயிர் திரும்பாமல் விட்டால்?

அப்படி ஒன்று இல்லை. சத்தம், தொடுகை, சலம் முட்டுவது, எதுவும் கலைத்துவிடும்.

நூல் கட்டலாமா? பார்வை பார்க்கலாமா?

கட்டுங்கள், திருநீறு போடுங்கள், மடுவுக்கும் போங்கள். பயம் குறைந்தால் உறக்கம் வரும், உறக்கம் வந்தால் அமுக்கம் குறையும். மிளகாய்ப் புகை பிடிப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகிய நாலில் எது நடந்தாலும் அங்கிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கே போவது? என்ன கொண்டுபோவது?

கிட்டடி அரச ஆஸ்பத்திரியின் ஓ.பீ.டீ.யில் தொடங்குங்கள். அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ, வலிப்புச் சந்தேகமென்றால் நரம்பியல் கிளினிக்குக்கோ கடிதம் தருவார்கள். அரச சேவை இலவசம். மனம் நொந்து உடனே பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு தடவைக்கும் திகதி, நேரம், படுத்திருந்ததா நின்றதா, முதல்நாள் எத்தனை மணித்தியாலம் உறக்கம், எவ்வளவு நேரம் நின்றது, முடிந்தபின் குழப்பம் இருந்ததா, என்ன குடித்தது, என்ன மருந்து எடுத்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். கண்டவர் ஒருவரையும் கூட்டிப்போங்கள்.

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்கத் திகதி தந்தால், முதல்நாள் தலைக்குச் சம்பு வைத்து முழுகி, எண்ணெய் தொடாமல் போக வேண்டும். எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாமல் வழுக்கும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வழமையான மருந்தையும் எடுங்கள். முதல் இரவு குறைவாக உறங்கச் சொன்னால் மட்டும் முழித்திருங்கள், அன்று மோட்டார் சைக்கிளில் போகாமல் பஸ்ஸில் போங்கள். 20 முதல் 40 நிமிடத்தில் முடியும், நோகாது. ஒரு தடவை எடுத்ததில் ஒன்றும் தெரியாவிட்டால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. உறக்கத்தில் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னால் அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.